பருப்பு வேகிற தண்ணீர்

1

நேற்று மத்தியானம் குவைத்தில் என் வீட்டு அடுப்பில் பருப்பு வேகவில்லை.

இதெல்லாம் ஒரு விஷயமா, இதைப் பத்திரிகைக்கு எழுத வேண்டுமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். கோவளத்துப் பெண்ணின் வீட்டில் பருப்பு வேகாவிட்டால் என்ன அர்த்தம் என்று கோவளத்துக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பில் தீ சரியாக எரிந்தது. பருப்பும் பழசு இல்லை, போன வாரம் வாங்கிய அதே துவரம் பருப்பு. கரண்டியில் எடுத்து நசுக்கினால் கல் மாதிரி நழுவி ஓடுகிறது. குழாயைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

இங்கே கட்டடத்துக்கு இரண்டு தண்ணீர். ஒன்று கடலைக் காய்ச்சி எடுக்கிற நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். இன்னொன்று பாலைவனத்துக் கிணற்று உப்புத் தண்ணீர், துவைக்கவும் கழுவவும். மொட்டை மாடியில் இரண்டுக்கும் தனித்தனியாகத் தொட்டி உண்டு. முந்தின நாள் ரிப்பேர்க்காரர் ஒருவர் மாடிக்குப் போய் எதையோ தட்டிவிட்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கட்டடத்துக் காவலாளியை இங்கே ஹாரிஸ் என்பார்கள். எங்கள் ஹாரிஸ் மஹ்மூத் எகிப்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் எதைக் கேட்டாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்பார். தண்ணீர் சரியில்லை என்றேன். "ஹெலு, ஹெலு" என்று கையை ஆட்டினார். நல்ல தண்ணீர்தான் என்று அர்த்தம். பருப்பு வேகவில்லை என்று எனக்குச் சொல்ல வேண்டும். பருப்புக்கு அரபியில் 'அதஸ்' என்று கடையில் கற்றுக்கொண்டிருந்தேன். இல்லை என்பதற்கு 'மாஃபி'. வேகிறதுக்கு என்ன வார்த்தை? தெரியாது. பிறந்ததிலிருந்து நான் அறிந்த அரபி வார்த்தைகளில் ஒன்று அந்த அவசரத்தில் வாயில் வந்து விழுந்தது.

"அதஸ் மாஃபி மவுத்!" என்றேன்.

பருப்பு சாகவில்லை என்று சொல்லியிருக்கிறேன்! மஹ்மூத் என்னைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், ஒரு பருப்பை எடுத்துப் பல்லில் கடித்தார். 'கடக்' என்றது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே மாடிக்கு ஏறினார். உப்புத் தண்ணீர்க் குழாயை நல்ல தண்ணீர்த் தொட்டியில் மாட்டி வைத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். சாயங்காலத்துக்குள் தொட்டியைக் காலி செய்து கழுவி, லாரி வரவழைத்து நிரப்பிவிட்டார்கள். கட்டடம் முழுக்க இத்தனை படித்தவர்கள் குடியிருக்கிறோம். கண்டுபிடித்தது என் பருப்பு.

2

நான் இங்கே வந்து இறங்கிய புதிதில் இந்த 'ஹெலு'வால் பட்ட அவமானம் தனி. அப்போது நாங்கள் குடியிருந்த பழைய வீட்டுக்குத் தண்ணீர் லாரிதான் வரும். தெருமுனையில் நின்று ஓட்டுநர் "மாய் ஹெலு, மாய் ஹெலு" என்று கூவுவார். மாய் என்றால் தண்ணீர், ஹெலு என்றால் இனிப்பு. எனக்கு அது அல்வா என்று காதில் விழுந்தது. அடடா, இந்த ஊரில் லாரியிலேயே அல்வா விற்கிறார்களே என்று தட்டையும் சில்லறையையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். அந்த ஆள் என் தட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் விருந்தாளி யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

ஊர்ப் பெயரிலும் வில்லங்கம். குடியிருப்பு அனுமதி ஆபீஸில் பிறந்த இடம் கோவளம் என்றால், கவுண்டரில் எப்போதும் ஒரு மலையாளி உட்கார்ந்திருப்பார். "ஆஹா, நம்ம கோவளம்!" என்று மலையாளத்தில் ஆரம்பித்துவிடுவார். இல்லை ஐயா, இது செங்கல்பட்டு ஜில்லா கோவளம், மாமல்லபுரம் போகிற வழியில் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாடம் எடுக்க வேண்டும். அரபியில் எழுதும்போது அது 'கூஃபலம்' ஆகிவிடும். நான் பிறந்தது எங்கேயோ கூஃபலத்தில் என்று அரசாங்கமே சொல்கிறது, நான் என்ன செய்ய?

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். என் மகள் ஷமீமாவை என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று படம் வரையச் சொன்னார்கள். இவள் ஒரு கடல், ஒரு புகைபோக்கி, புகை, லாரி என்று வரைந்து முழு மதிப்பெண் வாங்கி வந்தாள். மழையைக் காணோம், கிணற்றைக் காணோம். கேட்டால், "மழைத் தண்ணில எப்படிம்மா சமைப்பாங்க, அழுக்கு" என்கிறாள். நல்ல தண்ணீர் என்று சொல்லவும் வராது. பள்ளியில் கற்றதை அப்படியே தமிழாக்கி "இனிப்புத் தண்ணி" என்பாள். போன லீவில் ஊருக்குப் போனபோது எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதுல என்னவோ டேஸ்ட் இருக்கும்மா."

அந்த டேஸ்டுக்காக ஒரு ஊரே சண்டை போட்டது, நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய் என்றேன். நம்பவில்லை. அவளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

3

கோவளம் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் என் அம்மாவின் நாஸ்தா கடை இருந்தது. அத்தா மவுத்தான பிறகு அம்மாவுக்கு அதுதான் பிழைப்பு. அம்மா பெயர் கதீஜா, எல்லோருக்கும் பாய்ம்மா. மாதா கோயில் தெரு செல்வமேரி கூட்டாளி. நான் மேரியக்கா என்பேன். மாவரைப்பதும் அடுப்பும் மேரியக்கா, சாம்பாரும் கல்லாவும் அம்மா. என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார், எனக்கு விசா வரவில்லை, நான் கைக்குழந்தையோடு கடையில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணம் கைகூட வேண்டுமென்று திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்த வருகிறவர்கள், கல்பாக்கத்தில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள், கரையேறிய மீன்காரர்கள் என்று காலையில் கூட்டம் அள்ளும். எல்லாம் அந்தச் சாம்பாருக்காக. துவரம் பருப்பு மெழுகாகக் கரைந்து, கரண்டியில் ஒட்டிக்கொண்டு இறங்கும்.

சாம்பாரின் ரகசியம் அம்மாவின் கையில் இல்லை, கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றில் இருந்தது. மணல்மேட்டில் இரண்டு ஆள் ஆழத்துக்கு வெட்டிய அகலமான கிணறு. கடல் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். பாலுக்கு மேல் ஆடை மாதிரி. ஆடையை எடுக்கிற பக்குவத்தில் எடுத்தால்தான் அது நமக்கு. கலக்கிவிட்டால் போச்சு.

அதனால் கிணற்றுக்குக் கட்டுத்திட்டம் உண்டு. கட்டையில் கட்டியிருக்கிற கயிறு ஒரே அளவு. வாளி போய்த் தண்ணீரின் மேல் சாயும், மொள்ளும், வந்துவிடும். அதற்குக் கீழே போகாது. யாராவது புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள் கயிற்றில் ஒட்டுப்போட்டு நீட்டினால் தொலைந்தாள். "இன்னாடி கயிறு நீளமாக்கீது, கடலை உள்ள கூப்டப் போறியா?" என்று மூன்று தெருவும் சேர்ந்து திட்டும். மத்தியான லுஹர் தொழுகை முடிந்து சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை யாரும் இறைக்கக் கூடாது, கிணறு ஊற வேண்டும். தர்கா தெரு, மாதா கோயில் தெரு, மீனவர் குப்பம் எல்லோருக்கும் அதுதான் சட்டம். பாங்கு எப்போது சொல்வார்கள் என்று எங்களைவிட மேரியக்காவுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

4

அப்புறம் குழாய் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தபோது நாங்கள் குலவை போடாத குறைதான். மணல்மேட்டில் ஆழமாகத் துளை போட்டு, ஆயில் இன்ஜின் வைத்து, தொட்டி கட்டி, தெருவுக்குத் தெரு குழாய் வைத்தார்கள். திருகினால் கொட்டியது. நான் ஷமீமாவை அந்தக் குழாயடியில் உட்கார வைத்துத்தான் குளிப்பாட்டுவேன். அவள் கையைத் தட்டித் தட்டிச் சிரிப்பாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் முதலில் சோப்பு நுரைக்கவில்லை. அப்புறம் பால் திரிந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் கடையில் பருப்பு வேகவில்லை.

இன்ஜின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. ஜில்லாவுக்கெல்லாம் ஒரே உத்தரவு, இத்தனை அடிக்குக் குறையாமல் துளை போட வேண்டுமென்று. செங்கல்பட்டுப் பக்கம் பாறை, ஆழமாகப் போனால்தான் தண்ணீர். எங்கள் ஊரில் ஆழமாகப் போனால் கடல். பாறைக்கும் மணலுக்கும் ஒரே உத்தரவு போட்டால் எப்படி? கிணற்றிலும் தண்ணீர் இறங்கிப்போய், குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு குடம் என்றாகிவிட்டது. சமையலுக்குக் குழாய்த் தண்ணீர்தான். பருப்பு வேக ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட வேண்டியதாயிற்று. போட்டால் குழையும், ஆனால் நிறம் மங்கி, சாம்பாரில் ஒரு சோப்பு வாசனை வரும். பஸ் டிரைவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்ப்பார்கள். மறுநாளிலிருந்து வரமாட்டார்கள்.

அம்மா புகார் சொல்லப் போனது ஓவர்சியரிடம். சின்ன வயசுக்காரர், சென்னையிலிருந்து வந்திருந்தார், மோட்டார் ரூமே அவருக்கு ஆபீஸ்.

"பாய்ம்மா, தண்ணிய டெஸ்ட்டுக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்தாச்சு. குடிக்கலாம்னு போட்டுக்கீது. உனுக்கு இன்னா பேஜாரு?"

"ரிப்போர்ட்டு இருக்கட்டும்பா. பருப்பு வேகல."

"சும்மா வந்து தொந்தரவு பண்ணாத. பெரிய இன்ஜினியர் அடுத்த வாரம் வர்றாரு. வேலைய ஒப்புக்கினு கையெழுத்துப் போட்டார்னா, அன்னிக்கே இந்தப் பழைய கெணத்த தூர்த்துடணும். திறந்த கெணறு இருந்தா காலரா வரும். உன் பருப்பு இங்க வேகாது, போ!"

அம்மாவுக்கு வந்ததே ஆத்திரம். "அதத்தாண்டா நானும் காலைலேருந்து சொல்லிக்கினு கீறேன்! வேகல! வேகல!"

தெருவே சிரித்தது. ஓவர்சியர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கல்லாக் காசைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். கிணறு போனால் கடை போகும். கடை போனால் அம்மா யார் வீட்டு வாசலில் நிற்பாள்? கிணற்றை மூடிவிடுவார்கள் என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, மேரியக்காதான் சொன்னாள்.

"மூடட்டுமே பாக்கலாம். அந்தப் பெரிய இன்ஜினியர் வாயால சொல்ல வைக்கறேன் பாரு, வேகலன்னு."

5

இங்கே இருந்துகொண்டு யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது. இந்த நாட்டில் தண்ணீர் இல்லை, அதனால் எண்ணெயைக் கொட்டி எரித்துக் கடலைக் காய்ச்சுகிறார்கள். நெருப்பு அணைந்தால் தண்ணீர் கிடையாது. இவர்களிடம் எண்ணெய் இருக்கிறது, செய்கிறார்கள். எங்களுக்கு அல்லா மணலிலேயே வடிகட்டி வைத்துக் கொடுத்தான். கடலை உள்ளே இழுத்து அதைக் கெடுத்துக்கொண்டு, பிறகு கடலைக் காய்ச்ச இன்னொரு மிஷினுக்கு எங்கே போவது? மாமல்லபுரம் கரையெல்லாம் புதிதாக விடுதிகள் வருகின்றன என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்கிறார்கள். வரட்டும். எத்தனை ஆழத்துக்குத் துளை போடுகிறார்கள் என்று யாராவது கேட்கிறீர்களா? கேளுங்கள் ஐயா, வாயைத் திறந்து கேளுங்கள். நாங்கள் கேட்டோம்.

என் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, "மந்திரி மாதிரி பேசறே" என்கிறார். அவருக்கென்ன, அந்த நாளில் அவர் இங்கே ஏசியில் உட்கார்ந்திருந்தார். சண்டை போட்டது நாங்கள்.

6

மேரியக்காவின் யோசனை எளிது. பெரிய இன்ஜினியர் வந்தால் எப்படியும் கடைக்குப் பக்கத்தில்தான் ஜீப் நிற்கும். இரண்டு அடுப்பு. இரண்டு பானை. ஒரே பருப்பு, ஒரே அளவு, ஒரே சவுக்கு விறகு. ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். அவர் கண்ணெதிரில் வேக வைப்பது. கிணறு அன்றைக்குக் கைவிட்டுவிடக் கூடாதே என்று அந்த வாரம் மூன்று தெருவும் கிணற்றைத் தொடவில்லை. குழாய்த் தண்ணீரையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். என் பிள்ளைக்கு மட்டும் தினமும் ஒரு செம்பு எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

ஜீப் வந்தது. ஓவர்சியர் சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார். கிணற்றைத் தூர்க்க மண்வெட்டி, கூடையோடு ஆட்கள் வந்து மணல் குவியல் பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இன்ஜினியர் சேலத்துப் பக்கத்துக்காரர், நரைத்த தலை, நிதானமான பேச்சு. அம்மா போய் அவர் எதிரில் நின்றாள்.

"சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு பருப்பு வேகற நேரம் குந்திட்டுப் போங்க."

ஓவர்சியர் குறுக்கே வந்தார். "சார், ரிப்போர்ட் இருக்கு சார், இவங்க சும்மா..."

"இருக்கட்டும். காலையிலேருந்து ஜீப்புல குலுங்கி வந்திருக்கேன், கொஞ்சம் உட்கார்றேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார் இன்ஜினியர். அவர் தலைக்கு மேல் கடை ஓலை, சுற்றிலும் மூன்று தெருப் பெண்கள். இரண்டு பானையும் கொதித்தன. மேரியக்கா நுரை எடுத்தாள், தீயைத் தள்ளினாள், மூடினாள். கிணற்றுப் பானையிலிருந்து நல்ல வாசனை வந்தது. அம்மா கரண்டியை விட்டு எடுத்தாள். மெழுகு! கூட்டம் 'ஹா' என்றது.

அப்புறம் குழாய்ப் பானையைத் திறந்தாள்.

அதுவும் வெந்திருந்தது.

அம்மா கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். ஓவர்சியர் எட்டிப் பார்த்தார், பல்லெல்லாம் தெரிந்தது.

"இன்னா பாய்ம்மா! வெந்துடுச்சே! நீ சொன்ன தண்ணி வேற தண்ணியா?"

மண்வெட்டிக்காரர்கள் பீடியைக் கீழே போட்டு எழுந்தார்கள். அப்போதுதான் மேரியக்கா தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் போட்ட கூச்சல் கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ மாதாவே! என் கைய வெட்ட! சோடா போட்டுட்டேண்டி கதீஜா, சோடா போட்டுட்டேன்!"

மாசக்கணக்காகக் குழாய்த் தண்ணீரில் உலை வைக்கும்போதெல்லாம் இடுப்பில் செருகிய டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்ட கை. அவளைக் கேட்காமலே போட்டுவிட்டது. அதிலும் பாருங்கள், கிணற்றுப் பானைக்குப் போகவில்லை, குழாய்ப் பானைக்குத்தான் போயிருக்கிறது! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "பாவி! இன்னிக்குத்தானா உனுக்குக் கை நீளணும்?" என்று அழுதாள்.

"தோத்துட்டு கதை வுடறாங்க சார்" என்றார் ஓவர்சியர்.

ஆனால் பெரிய இன்ஜினியர் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "இருப்பா. சோடாவா? பருப்புக்கு எதுக்கும்மா சோடா?"

"இன்னா சார் இப்படிக் கேக்கற?" மேரியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் மேலேயே பாய்ந்தாள். "சோடா போடலன்னா இந்தத் தண்ணில எவ வூட்ல சார் பருப்பு வேகுது?"

"உங்க கடையில மட்டுமா?"

"என் வூட்லயும் தான்" என்றாள் குப்பத்துப் பெண் ஒருத்தி. "எங்க வூட்லயும்" என்றது தர்கா தெரு. அவர் நம்பாமல் பார்க்கிறார் என்று நினைத்தோ என்னவோ, அந்தக் குப்பத்துப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். திரும்பி வந்தபோது ஒவ்வொருத்தி கையிலும் சோடா! பவுடர் டப்பாவில் ஒருத்தி, பால் மாவு டப்பாவில் ஒருத்தி, காகிதப் பொட்டலம், மூக்குப்பொடி மட்டை, உடைந்த கிண்ணம். பெஞ்சின் மேல் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். பெஞ்சு நிறைந்து, கீழேயும் வைத்தார்கள். மளிகைக்கடை காதர் பாய் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், முன்னெல்லாம் ஒரு டப்பா வாங்கி வெச்சா ஒரு நோம்புலேருந்து அடுத்த நோம்பு வரைக்கும் கிடக்கும். இப்ப அரிசி விக்குதோ இல்லியோ, சோடா விக்குது!"

பெரிய இன்ஜினியர் ஒரு டப்பாவைத் திறந்து முகர்ந்தார். இன்னொன்றைத் திறந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். கோபமில்லை, ஏதோ பாரம் இறங்கினவர் மாதிரி இருந்தது.

"எனக்கும் தெரியும்மா" என்றார் அம்மாவைப் பார்த்து. "கடலோரத்துல ஆழமா உறிஞ்சினா உப்பு ஏறும்னு நான் படிச்சவன்தான். இதுக்கு முன்னாடி பார்த்த ரெண்டு ஊரைப் பத்தியும் மேலே எழுதினேன். ஆதாரம் எங்கேன்னு மேலேருந்து கேட்டாங்க. ரிப்போர்ட்டுல குடிக்கலாம்னு இருக்கு, அதை மீறி நான் எதைக் காட்டறது? நீங்க பருப்பை வேக வெச்சுக் காட்டியிருந்தாக்கூட ஒரு கடையோட கதைன்னு சொல்லியிருப்பாங்க. ஒரு ஊரே சோடா வாங்குது, இதுக்கு என்ன சொல்வாங்க?"

பிறகு மேரியக்காவிடம் திரும்பினார். "நீங்க தள்ளி நில்லுங்க. அந்த இடுப்பு டப்பாவை இங்க குடுங்க."

பானையைக் கழுவி, குழாய்த் தண்ணீரை அவரே பிடித்து ஊற்றினார். மறுபடியும் பருப்பு. அவர் அடுப்புக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். புகையில் கண்ணில் தண்ணீர் வழிந்தது, எழுந்திருக்கவில்லை. ஓவர்சியரைக் கூப்பிட்டு விறகைத் தள்ளச் சொன்னார். தீ எரிந்தது, எரிந்தது, விறகு தீர்ந்து வேறு விறகு வந்தது. பருப்பு மட்டும் பானைக்குள் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் ஒன்றை எடுத்து ஓவர்சியர் கையில் வைத்தார். ஓவர்சியர் கடித்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

பெரிய இன்ஜினியர் ஃபைலைத் திறந்து இங்கிலீஷில் எழுதினார். "எங்களுக்குப் புரியற மாதிரி படி சார்" என்றாள் மேரியக்கா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் படித்தார்:

"சோடா போடாமல் பருப்பு வேகவில்லை. கிணற்றைத் தூர்க்கக் கூடாது."

"சார், ஃபைல்ல எப்படி சார் இதெல்லாம்?" என்று முனகினார் ஓவர்சியர்.

"உன் ரிப்போர்ட் மழைக்காலத்துத் தண்ணிய எடுத்து அனுப்பினது. இது இன்னிக்குப் பார்த்தது. கீழ உன் கையெழுத்தும் போடு."

அம்மா கத்தினாள், மேரியக்கா கத்தினாள், நான் ஷமீமாவைத் தலைக்கு மேல் தூக்கினேன். தூர்க்க வந்த ஆட்களுக்கும் சேர்த்துக் கிணற்றுப் பானைப் பருப்பில் சாம்பார் ஆனது. ஓவர்சியர் வெட்கப்பட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். அம்மாதான் போய் இலையைப் போட்டு, "வா, குந்து. உன் பருப்பு இன்னிக்கு வெந்துகீது" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் மூன்று முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

7

எழுதினதும் எல்லாம் மாறிவிட்டதா என்றால் இல்லை. ஃபைல் செங்கல்பட்டில் தூங்கியது, சென்னைக்குப் போய்த் தூங்கியது. பருப்பு வேகவில்லை என்றால் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்டுத் திரும்பியதாம். எங்கள் பஞ்சாயத்து பிரசிடெண்ட் மாதாமாதம் பஸ் ஏறிப் போய் அதை எழுப்பிவிட்டு வந்தார். பெரிய இன்ஜினியரும் விடவில்லை. கடைசியில் ஆழமான துளையை மூடினார்கள். மணல்மேட்டில் தள்ளித்தள்ளி ஆழமில்லாத அகலக் கிணறுகள் வெட்டி, குழாயை அதில் கோர்த்தார்கள். இன்ஜின் காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்தான் ஓடும். நடுப்பகலில் ஓடாது. எங்கள் கட்டுத்திட்டத்தையே அரசாங்க உத்தரவாக டைப் அடித்து மோட்டார் ரூமில் ஒட்டினார் ஓவர்சியர். அவரே சாவியை வைத்துக்கொண்டு, மத்தியானத்தில் அஸர் பாங்குக்கு முன்னால் யார் கேட்டாலும் தரமாட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை விடாமல் பெய்தது. மணல் குடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு விசா வந்துவிட்டது, பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். மழை விட்ட ஒரு காலையில் அம்மா கடையில் குழாயைத் திருகிப் பானை நிறையப் பிடித்து உலையில் வைத்தாள். மேரியக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். நான் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்து நின்றேன். மூன்று பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மூடியைத் திறந்தாள், கரண்டியை விட்டாள், இரண்டு விரலால் எடுத்து நசுக்கினாள். விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அப்புறம் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினாள். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில், முக்காடு நழுவுவதுகூடத் தெரியாமல், மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"வெந்துடுச்சிடீ! வெந்துடுச்சி!"